சிலம்பை உடைப்பது எப்போது?

தோழரே!

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், பொழுது புலருமுன், நெடுந்தீவை ஒட்டிய கடலிலே துப்பாக்கி முழங்கிற்று. சுட்டது இலங்கைக் கடற்படை. குண்டு பாய்ந்தது காரைக்கால் படகிலே. படகிலிருந்த 13 பேரும் சிறைப்பட்டனர். இருவருக்குப் பலத்த காயம். மூவருக்குச் சிறு காயம். தில்லி அரசு இலங்கைத் தூதரகப் பொறுப்பாளரை அழைத்துக் கண்டனம் கூறிற்று. ஊர் கொதித்தது, பிறகு, எப்போதும் போல ஆறிற்று.

எல்லை தாண்டி வந்தனர் என்பது கடற்படையின் வாதம். நம் மீனவர் அந்தக் கோட்டைக் கடப்பதே இல்லை என்று வாதாட நான் வரவில்லை; கடக்கின்றனர், கடக்க நேரிடுகிறது, அது தனிக் கதை. நான் கேட்பது வேறு. ஒரு படகு எந்த மணித்துளியில் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கரையில் நிற்கும் எவரால் சொல்ல முடியும்? சொல்லக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. ஆழ்கடல் செல்லும் விசைப்படகுகளிலே இன்று சாதாரணமாகிவிட்ட ஜி.பி.எஸ். கருவி! போன வழியை அது நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் படகைப் பிடிப்போர் கையிலே படகோடு சேர்ந்து அந்தச் சாட்சியும் போய்விடுகிறது. குற்றம் சாட்டுபவரிடமே சாட்சி சிறைப்பட்டிருக்க, குற்றம் சாட்டப்பட்டவன் வெறுங்கையோடு கூண்டிலே நிற்கிறான்.

கடலுக்குப் போகாத நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒரு சாட்சி இருக்கிறது. படகின் கருவியை விடப் பன்மடங்கு பேசக்கூடிய சாட்சி! கைப்பேசி என்று அதற்குப் பெயர். தாங்கள் நேற்று யாரோடு பேசினீர்கள், எத்தனை நாழிகை பேசினீர்கள், எந்தத் தெருவில் நின்றீர்கள், எந்தப் படத்தைப் பார்த்தீர்கள், எதை எழுதிவிட்டு அழித்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்தச் சாட்சியைக் கூண்டிலேற்றும் கலையைப் பற்றியும், அந்தக் கலை யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியும் இந்த ஞாயிற்றுக்கிழமை தங்களோடு பேச விரும்புகிறேன்.

அழித்துவிட்டேனே, பிறகென்ன என்று பலர் நினைக்கின்றனர். நெற்கிடங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்பது கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலே இருக்கிறது. ஒரு நாள் அவர் பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிடுகிறார். கணக்கிலே மூட்டை இல்லை. கிடங்கிலோ அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது! அந்த இடத்தில் வேறொரு மூட்டையை இறக்கும் வரை அதற்கு அழிவில்லை. கணினியில் ஒரு கோப்பை அழிப்பது பெரும்பாலும் இப்படிப் பேரேட்டை அடிப்பதுதான். பேரேட்டை நம்பாமல் கிடங்கு முழுவதையும் மூட்டை மூட்டையாகப் புரட்டிப் பார்ப்பதே ஆய்வாளரின் தொழில். இன்றைய புதிய கைப்பேசிகளில் இந்தக் கலை முன்போல் எளிதாகப் பலிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு மூட்டைக்கும் பூட்டு உண்டு. அழிக்கும்போது சாவியையே உருக்கிவிடுவார்கள். ஆயினும் என்ன? தாங்கள் அழித்த செய்தி, அதைப் பெற்றவர் கைப்பேசியிலே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும்!

ஒழுங்கான ஆய்வகம் இந்தப் பணியைச் செய்யும் முறையிலே ஓர் ஒழுக்கம் இருக்கிறது. கருவியைக் கைப்பற்றியதும் முதலில் அதை வலைத்தொடர்பிலிருந்து துண்டிக்கின்றனர். இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒருவன் உள்ளே இருப்பதை அழிக்கலாம், புதிதாக எதையேனும் சேர்க்கவும் செய்யலாம். பின்னர், படிக்க மட்டும் வழிவிட்டு எழுதத் தடைபோடும் ஒரு கருவியை இடையிலே பொருத்தி, வன்தட்டில் இருப்பதை இம்மியும் விடாமல் நகலெடுக்கின்றனர். ஆய்வெல்லாம் நகலின் மீதுதான்; மூலத்தைத் தொடுவதில்லை. நகலெடுத்த கையோடு ஓர் எண்ணைக் கணக்கிடுகின்றனர். ஹாஷ் மதிப்பு என்று அதற்குப் பெயர். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையிலே அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை. ஆயிரம் பக்க நூலில் ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் போதும், அந்த வரிசை அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். பழைய நாளிலே உறையின் மீது வைத்த அரக்கு முத்திரையின் வேலையை இந்த எண் செய்கிறது. அரக்கை உருக்கி மீண்டும் ஒட்டிய திருடர்கள் உண்டு. இதை ஒட்ட முடியாது.

ஆனால், தோழரே, ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முத்திரை வைத்த பிறகு உறையை எவரும் பிரிக்கவில்லை என்பதற்கே முத்திரை சான்று. வைப்பதற்கு முன்பே உறைக்குள் எவனோ பொய்க் கடிதத்தைச் செருகியிருந்தால்? அந்தப் பொய்யையும் சேர்த்தே முத்திரை காக்கும்! இது வெறும் கற்பனை அன்று. நம் காவிரிக் கரையிலே பிறந்த ஒரு முதியவரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டிலே, ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்திலே தங்கி, நிலம் பறிபோன ஆதிவாசிகளுக்காகவும், விசாரணையின்றிச் சிறையிலே வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் வழக்காடியவர். 2018 ஜனவரி முதல் நாள் மராட்டியத்தின் பீமா கோரேகானில் நடந்த கலவரத்தைத் தொட்டுப் புனே போலீசார் தொடுத்த வழக்கு, ஆண்டுகள் ஓட ஓட நாடெங்கும் கிளை பரப்பிற்று. 2019 ஜூன் 12ஆம் நாள் அவர் இருப்பிடத்திலே சோதனை; கணினி கைப்பற்றப்பட்டது. 2020 அக்டோபர் 8ஆம் நாள் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோய்! கோப்பையைப் பிடிக்கக் கை நிற்காது. உறிஞ்சு குழல் கொண்ட குவளை கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட்டார். ஒரு குவளைக்காக வாரக்கணக்கிலே வழக்கு நடந்த விந்தையை நாடு பார்த்தது. 2021 ஜூலை 5ஆம் நாள், பிணை கிடைக்காமலே, மும்பை மருத்துவமனை ஒன்றில் கைதியாகவே உயிர் நீத்தார்.

அவருக்கெதிராக வைக்கப்பட்ட முக்கியச் சான்றுகள் யாவை? கணினியிலிருந்து எடுத்த கடிதங்கள். கைதாவதற்கு முன்பே அவர் சொன்னார்: எனக்குக் காட்டப்பட்டவை என்னுடையவை அல்ல, எவரோ என் கணினிக்குள் கள்ளத்தனமாக வைத்தவை என்று. யார் கேட்டனர்? கணினியிலே இருந்தது, கணினி உம்முடையது, ஆகவே கடிதம் உம்முடையது! அவ்வளவுதான் வாதம்.

அவர் மறைந்து ஓராண்டும் ஐந்து மாதங்களும் கழித்து, 2022 டிசம்பரிலே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அர்செனல் கன்சல்டிங் என்னும் ஆய்வு நிறுவனம் அவருடைய வன்தட்டின் நகலை ஆராய்ந்த அறிக்கை வெளிவந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்காகச் செய்த ஆய்வு அது. 2014 முதல் 2019 வரை ஒரு வேவு மென்பொருளின் துணையால் அந்தக் கணினிக்குள் எவனோ புகுந்து திரிந்திருக்கிறான். 50க்கும் மேற்பட்ட கோப்புகளை உள்ளே உருவாக்கியிருக்கிறான். குற்றம் சாட்ட உதவிய கடைசிக் கோப்பு 2019 ஜூன் 5ஆம் நாள் வைக்கப்பட்டது. சோதனைக்கு முதல் நாளான ஜூன் 11இல் தன் தடயங்களைத் துடைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. இவை அறிக்கையின் முடிவுகள். முதல் நாள்! மறுநாள் போலீசார் வரப்போவது அந்தக் கள்வனுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் விடை சொல்லப்படவில்லை.

இதே வழக்கிலே முன்னதாகக் கைதான ரோனா வில்சனின் கணினியைப் பற்றியும் 2021 பிப்ரவரியில் இந்நிறுவனம் அறிக்கை தந்தது. 2016 ஜூன் 13ஆம் நாள், கவிஞர் வரவர ராவின் முகவரியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். அதிலே ஓர் இணைப்பு. அதைத் திறந்ததும் நெட்வயர் என்னும் மென்பொருள் சந்தடியின்றி உள்ளே குடியேறிற்று. ஏறத்தாழ 22 மாதங்கள் கணினி வேறொருவன் ஆட்சியிலே இருந்தது. ஒளித்துவைத்த ஓர் அடைவு உருவாக்கப்பட்டு, பிரதமரைக் கொல்லச் சதி என்று நாடெங்கும் முரசறையப்பட்ட கடிதம் உள்பட 10 கடிதங்கள் அதிலே இடப்பட்டன. அவற்றை வில்சன் ஒருமுறையேனும் திறந்து பார்த்த தடமில்லை என்கிறது அறிக்கை. இன்னொன்றும் சொல்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகப்பட்டது இதுதான். அக்கடிதங்களில் பல 2010 அல்லது 2013ஆம் ஆண்டின் வேர்டு மென்பொருளில் தயாரானவை. வில்சனின் கணினியிலே இருந்ததோ 2007ஆம் ஆண்டின் வேர்டு!

பூம்புகார் நமக்கு வடக்கே கூப்பிடு தொலைவில் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து மதுரைக்குப் போனவனின் கதையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசியின் சிலம்பு காணவில்லை. இவன் கையிலே ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகவே இவனே கள்வன்! பொற்கொல்லன் கூறினான், அரசன் நம்பினான், வாள் வீழ்ந்தது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைத்த பிறகு உண்மை தெறித்து விழுந்தது. ஆனால் கோவலன் எங்கே? ஸ்டேன் சுவாமியின் சிலம்பும் அவர் போன பிறகே உடைக்கப்பட்டது.

ஆட்சியினர் தரப்பையும் சொல்லிவிடுவதுதான் முறை. எங்கள் ஆய்வகம், அதாவது புனே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம், மால்வேர் எதையும் காணவில்லை என்றது தேசியப் புலனாய்வு முகமை. அர்செனல் அறிக்கை குற்றப்பத்திரிகையின் பகுதியன்று, அதை ஏற்க இயலாது என்றும் உயர் நீதிமன்றத்திலே கூறிற்று. சரி, இருக்கட்டும்! அமெரிக்கக் கம்பெனி சொல்வது வேதவாக்கு என்று நானும் கூறவில்லை. அதுவும் குறுக்கு விசாரணைக்கு ஆளாக வேண்டியதே. ஆனால் அந்தக் குறுக்கு விசாரணை எங்கே நடக்கும்? வழக்கு விசாரணையில்தான். 2025 ஜனவரியிலே பம்பாய் உயர் நீதிமன்றம் ரோனா வில்சனுக்குப் பிணை அளித்தபோது, கைதாகி ஆறரை ஆண்டுகள் ஆகியும் குற்றச்சாட்டுகூட வனையப்படவில்லை. சாட்சிப் பட்டியலிலோ 300க்கும் மேற்பட்ட பெயர்கள். சிலம்பை உடைப்போம், உடைப்போம் என்று சொல்லிக்கொண்டே ஆறரை ஆண்டுகள்!

ஏன் இப்படி? சட்டத்திலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43-டி(5) பிரிவு, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையென்று தோன்றினாலே பிணையைத் தடுத்துவிடுகிறது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கிலே உச்ச நீதிமன்றம், பிணைக் கட்டத்தில் போலீசார் வைக்கும் ஆவணங்களை அவை இருக்கும்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏற்கத்தக்கவையா என்று துருவக்கூடாது என்றது. 2023 ஜூலையில் வெர்னன் கன்சால்வஸ் வழக்கிலே சற்றுத் தளர்த்திற்று. சான்றின் தரத்தை மேலோட்டமாகவேனும் எடைபோட வேண்டும் என்றது. இரண்டுக்கும் இடையிலே கணினியில் கிடைத்த கடிதம் ஒன்று போதும், ஆண்டுக்கணக்கிலே ஆளை உள்ளே வைக்க! விசாரணைக்குப் பிறகு தண்டனை என்பது நீதி. இங்கே விசாரணைக்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. காரைக்கால் எந்தக் குடியரசின் கொடியின் கீழே இருந்ததோ, அந்தப் பிரெஞ்சுக் குடியரசிலே 1894இல் தளபதி டிரேஃபஸ் ஒற்றன் என்று தண்டிக்கப்பட்டுத் தீவாந்தரம் அனுப்பப்பட்டான். கையெழுத்து அவனுடையதே என்று அடித்துக் கூறியவர் பெர்ட்டியோன். குற்றவாளிகளை அளவெடுத்து அடையாளம் காணும் முறையால் உலகப் புகழ் பெற்றவர்! எழுத்து ஒத்துவராத இடங்களைக் கேட்டபோது, தன் எழுத்தைத் தானே மாற்றி எழுதியிருக்கிறான் என்று ஒரு பெரிய தத்துவமே கட்டினார். நிபுணரின் பெயரைக் கேட்டு மண்டியிடுவோர் இதை மறக்கலாகாது. பின்னர் டிரேஃபஸின் குற்றத்தை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றைப் போர் அமைச்சர் 1898 ஜூலையில் பாரிஸ் சட்டசபையிலே படித்தார். அந்தப் பேச்சை ஊர்தோறும் ஒட்டவும் சபை ஆணையிட்டது. அடுத்த மாதம், விளக்கொளியிலே அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குய்ஞே என்னும் அதிகாரி, தாளின் கோடுகள் தலைப்பிலே ஒரு நிறமாகவும் நடுவிலே வேறு நிறமாகவும் இருப்பதைக் கண்டார். இரண்டு தாள்களை வெட்டி ஒட்டிய பொய்! எழுதிய ஆன்ரி என்னும் அதிகாரி ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையிலே தற்கொலை செய்துகொண்டான். அப்படியும் டிரேஃபஸ் முழு விடுதலை பெற 1906 ஆயிற்று.

துருக்கியிலே நடந்தது நம் காலக் கதை. 2003இல் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கத் தீட்டிய திட்டம் என்று குறுந்தகடுகளைக் காட்டி, 2012இல் 300க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை விதித்தனர். அந்த 2003ஆம் ஆண்டுக் கோப்புகளுக்குள்ளே 2007ஆம் ஆண்டில் வந்த ஆபீஸ் மென்பொருளின் எழுத்துருத் தடம் இருந்தது! 2015இல் எல்லோரும் விடுதலையாயினர். அன்று தாளின் கோடு, பின்னர் கணினியின் எழுத்துரு, அதன் பின்னர் வேர்டின் பதிப்பு. பொய் எழுதுகிறவன் எங்கோ ஓரிடத்தில் சிறு தவறு செய்துவிடுகிறான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தாள் நம் கைக்கு வர வேண்டுமே!

இத்தனையும் சொன்னதால் இந்தக் கலையையே நான் வெறுப்பதாகக் கருதவேண்டாம். பெண்ணை மிரட்டும் கயவனையும், கிழவரின் வங்கிக் கணக்கைச் சுரண்டும் கள்வனையும், குழந்தைகளை வதைப்போரையும் பிடித்துத் தருவது இந்தக் கலைதான். நிரபராதியைக் காப்பதும் இதுவே. கண்டேன் என்று பொய் சொல்லும் மனிதச் சாட்சியை, நீ அந்நேரம் வேறிடத்தில் இருந்தாய் என்று மடக்குவதும் இதுவே. வேண்டியது, இரு தரப்புக்கும் ஒரே கத்தி.

சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. மின்னணுச் சான்று பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த பெரிய தீர்ப்புகள் இரண்டும் தேர்தல் வழக்குகளில் வந்தவை. ஆகவே நம்மவர் அறிந்திருக்க வேண்டியவை. கேரளத்தின் ஏறநாடு தொகுதியிலே 2011 தேர்தலில் தோற்ற அன்வர், பிரச்சாரப் பாட்டும் பேச்சும் தம்மை இழிவுபடுத்தியதாகச் சொல்லிக் குறுந்தகடுகளைக் கொண்டுவந்தார். பழைய சாட்சியச் சட்டத்திலே 2000ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 65-பி பிரிவின்படிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டது நீதிமன்றம். இல்லை! 2014 செப்டம்பர் 18ஆம் நாள் குறுந்தகடுகள் தள்ளப்பட்டன. மராட்டியத்தின் ஜால்னா தொகுதியிலே 2014இல் 296 வாக்குகளில் வென்றவரின் வேட்புமனு, மாலை 3 மணி கடந்து தரப்பட்டது என்று வழக்கு. தேர்தல் அதிகாரியின் அறையிலே இருந்த வீடியோவே சாட்சி. ஆனால் சான்றிதழ் தர அதிகாரிகள் மறுத்துவிட்டனர். 2020 ஜூலை 14ஆம் நாள் நீதிமன்றம் சொன்னது: சான்றிதழ் கட்டாயம், ஆயினும் ஒருவன் தன்னால் இயன்றதெல்லாம் செய்தும், கருவியை வைத்திருப்பவன் தர மறுத்தால், செய்ய முடியாததைச் செய்யச் சட்டம் கேட்காது. வென்றவர் பதவி செல்லாது என்ற தீர்ப்பும் நிலைத்தது.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, சான்றிதழிலே நிபுணரின் கையொப்பமும் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளியுடன் பதிவு செய்து தாமதமின்றி நீதிபதிக்கு அனுப்பச் சொல்கிறது. 193ஆம் பிரிவு, கருவி யார் யார் கைமாறிற்று என்ற வரிசையைப் போலீஸ் அறிக்கையிலே எழுதச் சொல்கிறது. பெயர்களைத் தமிழன் நாவுக்கு எட்டாத வடமொழியிலே வைத்தனர் என்பது என் தனிக் குறை. உள்ளே இருக்கும் இந்த மூன்று விதிகளும் நல்ல விதிகளே.

ஓட்டை எங்கே? ஹாஷ் மதிப்பைச் சான்று நீதிமன்றம் ஏறும்போது கேட்கிறார்கள். வீட்டு வாசலிலே கைப்பற்றும் நொடியிலே கட்டாயமாகக் கேட்கவில்லை. இடைப்பட்ட நாளில் என்ன நடந்தது என்று யார் சொல்வது? உடையவனுக்கு உடனே ஒரு நகல் தர வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. முதல் குறை, கைப்பற்றிய பிறகு மாற்றுவோருக்கு வழி. இரண்டாவது, கைப்பற்றுமுன் செருகியவனைக் கண்டுபிடிக்க முடியாதபடி அடைக்கும் வழி. 2023 நவம்பர் 7ஆம் நாள், பத்திரிகையாளர் கருவிகளைக் கைப்பற்றுவது பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசை நெறிமுறை வகுக்கச் சொன்னது. அடுத்த மாதம் அரசு தந்த விடை, இப்போதைக்கு சி.பி.ஐ. கையேட்டைப் பின்பற்றுவோம் என்பது. கைப்பற்றுவோர் எழுதிய கையேடே, பறிகொடுப்போருக்குக் காப்பு!

நம் ஆட்சிப்பகுதிக்கு இதிலே ஒரு பழைய நினைவும் உண்டு. 2012 அக்டோபர் இறுதியிலே, ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார் என்று புதுச்சேரிச் சிறுவணிகர் ஒருவரைப் போலீசார் அதிகாலையிலே கைது செய்தனர். அவர் எழுதியதைப் பின்தொடர்ந்தோர் அப்போது 16 பேர்! கைதுக்குப் பயன்பட்ட 66-ஏ பிரிவு 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தால் ஒழிந்தது. பிரிவு ஒழிந்தது; விடியற்காலையில் கதவைத் தட்டும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எவரும் கூறமாட்டார்.

ஆகவே, தோழரே, கதவு தட்டப்பட்டால் பதறாதீர்கள். எதையும் அழிக்க முனையாதீர்கள். சான்றை அழிப்பது தனிக் குற்றம், இல்லாத வழக்குக்கும் அது உயிர் கொடுத்துவிடும். வழக்கறிஞரை அழையுங்கள். ஒலி ஒளிப் பதிவு ஓடுகிறதா என்று கேளுங்கள். மகசரிலே கைப்பேசி என்று ஒற்றைச் சொல் எழுத விடாதீர்கள். கம்பெனி, மாதிரி, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அந்நேரம் அணைந்திருந்ததா எரிந்ததா என்பது வரை எழுதச் செய்யுங்கள். அந்த எண்ணை இன்றைக்கே எடுத்து வீட்டுக் கணக்கு நோட்டிலே குறித்து வையுங்கள். தங்கள் கண்முன்னே உறையிலிட்டு ஒட்டச் சொல்லி, ஒட்டிய இடத்தின் மீது கையொப்பமிடுங்கள். ஹாஷ் மதிப்பு கேளுங்கள். தர மறுத்தால், கேட்டேன், மறுத்தனர் என்று மகசரிலேயே எழுதுங்கள். ஜால்னா தீர்ப்பை நினைவில் கொள்ளுங்கள்: கேட்டவனுக்குச் சட்டத்திலே இடமுண்டு, கேளாதவனுக்கு இல்லை. கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்பதிலே நீதிமன்றங்கள் ஒருமித்த குரலில் பேசவில்லை. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒன்று கூறிற்று. 2022இல் தில்லிச் சிறப்பு நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் விதியைக் காட்டிக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. வழக்கறிஞர் வரும் வரை பொறுங்கள் என்று சொல்வதிலே குற்றமில்லை.

நமக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. மாநிலத்தின் நடுவே தீவு போல இருக்கிறோம். காரைக்காலிலே கைப்பற்றிய கருவி புதுச்சேரிக்குத் தரைவழியே போக வேண்டுமானால், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறொரு மாநிலத்தின் வழியே 130 கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். வண்டியிலே யார் இருந்தார், எங்கே நின்றது, உறை யார் மடியிலே இருந்தது? வாசலிலேயே ஹாஷ் மதிப்பு எழுதப்பட்டுவிட்டால் இந்தக் கேள்விகளின் விஷம் பாதி இறங்கிவிடும். எழுதப்படாவிட்டால் நேர்மையான போலீஸ்காரர் மீதும் ஐயம் விழும். அவருக்கும் இது கேடுதான்.

தில்லி செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 105ஆம் பிரிவின் பதிவை எப்படிச் செய்வது என்பதற்கு விதி வகுக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளிலே நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி - திருமலைராயன்பட்டினம் என ஐந்து நம்முடையவை. எந்தக் கட்சியினராயினும் ஆகட்டும், ஐவரும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். கேள்வியை இங்கேயே எழுதித் தருகிறேன். வெட்டி எடுத்துத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள்:

"காரைக்கால் மாவட்டத்தில் போலீசார் கைப்பற்றிய கைப்பேசி, கணினி, படகுக் கருவி ஆகியவற்றுள், கைப்பற்றிய இடத்திலேயே ஹாஷ் மதிப்பு எழுதி உடையவரிடம் கையொப்பம் பெற்றவை எத்தனை? உடையவருக்கு நகல் தரப்பட்டவை எத்தனை? எத்தனை நாட்களுக்குள்?"